நான்கு பேர் அறை

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலை விட்டுக் கரிசல் காட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் போனாலே அந்தக் காட்சி கண்ணில் படும். சின்னச் சின்ன அறைகள், ஒன்றை விட்டு ஒன்று தள்ளித் தள்ளி நிற்கும். நடுவே வெறும் நிலம். வெளியூர்க்காரர் பார்த்தால், யாரோ குடியிருப்பு கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். உள்ளூரில் அதைப் ‘பயர் ஆபீஸ்’ என்பார்கள். பட்டாசு அங்கேதான் பிறக்கிறது.

அந்த வெறும் நிலம் வீணாகக் கிடக்கவில்லை. பட்டாசு ஆலையின் மிக முக்கியமான பாதுகாப்புக் கருவியே அதுதான். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அறைக்கும் அறைக்கும் குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும், மருந்து அளவுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது, எதிரெதிராக வாசல் வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. இந்த விதிகளைக் கூர்ந்து கவனித்தால் ஒன்று விளங்கும். விபத்தே நடக்காது என்ற நம்பிக்கையில் இவை எழுதப்படவில்லை. என்றாவது ஒரு நாள் ஏதோ ஓர் அறை வெடிக்கத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, அன்று அந்த ஓர் அறையோடு அது நின்றுவிட வேண்டும் என்ற கணக்கில் எழுதப்பட்டவை.

நிச்சயமில்லாத எதிர்காலத்தை ஓர் ஊர் எப்படித் தாங்குவது என்ற கேள்விக்கு உலகெங்கும் புத்தகங்கள் எழுதப்படுகின்றன. எனக்குத் தெரிந்து அந்தக் கேள்வியைச் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி வைத்திருக்கும் இடங்களில் ஒன்று இந்தப் பட்டாசுக் காடு. அதனால் கணக்கை இங்கிருந்தே தொடங்குவோம்.

1915இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்ட்ரம் ஹாப்கின்சன் வெடிப்பின் அழுத்தத்துக்கும் தூரத்துக்கும் உள்ள உறவைக் கண்டார். சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் கார்ல் கிரான்ஸும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். அவர்கள் கண்டது இதுதான்: வெடிமருந்தை 8 மடங்கு கூட்டினால், அதே அழுத்தம் இரண்டு மடங்கு தூரத்தில் உணரப்படும். 27 மடங்கு கூட்டினால் மூன்று மடங்கு தூரத்தில். பாதுகாப்பான தூரம், மருந்து எடையின் கனமூலத்தைப் பொறுத்தது என்று கணக்கு மொழியில் சொல்வார்கள்.

இந்தச் சூத்திரத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். இடைவெளியை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு மருந்திலிருந்து தப்பலாம் என்பது ஒன்று. தூரம் அவ்வளவு மலிவான காவல். அதற்கு மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், இரவுக் காவலாளி வேண்டாம். இன்னொரு விதமாகப் படித்தால் கலக்கம் வரும். கட்டிய அறைகளை நகர்த்த முடியாது, தூரம் அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கும் மருந்து மட்டும் தீபாவளி ஆர்டர் நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போகிறது. நான்கு கிலோவுக்குக் கணக்குப் போட்ட இடைவெளியில் முப்பத்திரண்டு கிலோ வைத்தால், பக்கத்து அறை பாதித் தூரத்துக்கு நகர்ந்து வந்ததற்குச் சமம். கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. அதே சுவர், அதே வேப்பமரம், அதே நடை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஓர் அறையில் தொடங்கிய தீ அந்த அறையோடு நிற்கவில்லை. அளவுக்கு மேல் மருந்தும் செய்து முடித்த சரக்கும் இருந்ததால் அடுத்தடுத்த அறைகளுக்குத் தாவியது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. முதல் சத்தத்தைக் கேட்டும் புகையைப் பார்த்தும், சுற்று வட்டாரத்திலிருந்து ஓடி வந்தவர்கள். உள்ளே தன் வீட்டு ஆள் இருக்கிறாளா என்று தேடி வந்தவர்கள், தூக்கிவிட வந்தவர்கள், என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்கள். பெரிய வெடிப்பு அவர்கள் வந்து சேர்ந்த பிறகு நிகழ்ந்தது.

இது முதலிப்பட்டிக்கு மட்டும் நேர்ந்ததன்று. மெக்சிகோ நாட்டின் துல்தெபெக் அந்த நாட்டின் சிவகாசி. 2018 ஜூலை 5 அன்று அங்கே ஒரு கூடம் வெடித்தது. தீயணைப்பு வீரர்களும் போலீஸாரும் ஓடி வந்தார்கள். வந்து நின்றபோது அடுத்த கூடம் வெடித்தது. இறந்த 24 பேரில் காப்பாற்ற வந்தவர்களும் இருந்தார்கள். நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 2000 மே 13, ஒரு சனிக்கிழமை. குடியிருப்புக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கில் தீப்பிடித்தது. வாணங்கள் மேலே பறப்பதைப் பார்க்க மக்கள் கூடினார்கள். பிறகு கிடங்கே வெடித்தது. நான்கு தீயணைப்பு வீரர்கள் உட்பட 23 பேர் இறந்தார்கள், சுமார் 950 பேர் காயமடைந்தார்கள், நூற்றுக்கணக்கான வீடுகள் தரைமட்டமாயின. உரிமத்தில் அனுமதித்ததைவிட வீரியமான சரக்கு அங்கே இருந்தது விசாரணையில் தெரிந்தது.

ஆபத்தில் இருப்பவரை நோக்கி ஓடுவது மனிதரின் மிக நல்ல குணம். எந்த ஊரும் அந்தக் குணத்தை நம்பித்தான் பிழைத்திருக்கிறது. அதே குணம் பட்டாசுக் காட்டில் ஆளைக் கொல்கிறது என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? ஓடாதே என்று சொல்ல முடியாது, சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. உள்ளே இருப்பது அவரவர் அம்மாவும் அக்காவும். ஆனால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து போக வேண்டும், எந்த அறையில் என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே ஊருக்குச் சொல்லி வைக்க முடியும். அந்தத் தகவல் ஆலையின் கோப்பில் இருக்கிறது, அலுவலகத்தின் கோப்பில் இருக்கிறது. முதலில் ஓடி வரப் போகிறவரிடம் மட்டும் இல்லை.

சார்லஸ் பெரோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1984இல் எழுதிய நூலில், சில அமைப்புகளில் விபத்து ‘இயல்பானது’ என்றார். ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த அமைப்பில் ஒரு சிறு பிசகு நடந்தால், அதைப் பிடித்து நிறுத்த நடுவில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. அவர் மனதில் இருந்தவை அணு உலைகளும் வேதியியல் ஆலைகளும். பட்டாசு ஆலையின் அழகு என்னவென்றால், அதை வடிவமைத்தவர்கள் பிணைப்பைத் தளர்த்தியே கட்டினார்கள். அறைகள் தள்ளி நின்றது அதற்காகத்தான். அவசரமும் கூடுதல் சரக்கும் அனுமதி இல்லாத உள்குத்தகையும் சேர்ந்து, தளர்ந்திருந்ததை மறுபடி இறுக்கிவிட்டன. ஓர் உரிமத்தில் வரிசையாகப் பல அறைகளைப் பலருக்கு வாடகைக்கு விட்டால், எந்த அறையில் எவ்வளவு மருந்து என்று முழுக் கணக்கு யாரிடமும் இருக்காது.

மருந்துக்குள்ளும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது.

பழைய கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு ஆக்சிஜனைத் தரும், கரியும் கந்தகமும் எரியும். மூன்றையும் தனித்தனியாக வைத்தால் சாது. சேர்த்தால்தான் உயிர் பெறும். நவீன வெடிகளில் கரிக்குப் பதில் அலுமினியத் தூள் வந்தது. வெளிச்சமும் சத்தமும் வேகமும் பல மடங்கு கூடின. பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்தோடு கலந்தால் சின்ன உராய்வே பற்றவைத்துவிடும் என்பதால், அந்தக் கலவை இந்தியாவில் 1992 முதல் தடை.

அலுமினியத் தூளுக்கு இன்னொரு குணம் உண்டு. ஈரம் பட்டால், அருகில் நைட்ரேட் உப்பும் இருந்தால், அது மெல்ல வினை புரியத் தொடங்கும். வினையில் வெப்பம் பிறக்கும். வெப்பம் வினையை விரைவாக்கும். மெல்லிய படலமாகப் பரப்பி வைத்திருந்தால் சூடு காற்றில் போய்விடும். குவியலாக, மூடிய வாளியில், இரவு முழுக்கக் கிடந்தால் சூட்டுக்குப் போக வழியில்லை. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்ச மருந்தை வைத்துவிட்டுப் போகக் கூடாது என்ற விதிக்குக் காரணம் இது. காலையில் வந்து, நேற்றைய மிச்சத்தை எடுக்கும் நேரத்துக்கு அனுபவசாலிகள் பயப்படுவதற்கும் இதுவே காரணம்.

ஈரம் ஒரு பக்கம் என்றால் வறட்சி மறுபக்கம். சித்திரை, வைகாசியில் காற்று காய்ந்திருக்கும்போது உடம்பில் நிலைமின்சாரம் சேரும். கதவுப் பிடியைத் தொட்டால் விரலில் ‘சுரீர்’ என்று அடிக்குமே, அது ஒரு பொறி. வேறு வேலையிடத்தில் அது வேடிக்கை. மருந்து அறை வாசலில் செம்புத் தகடு பதித்து, உள்ளே போகுமுன் அதைத் தொடச் சொல்வது அந்தப் பொறியைத் தரைக்குள் இறக்கிவிடத்தான். பருத்தி உடை உடுத்தச் சொல்வதும், இரும்புக் கருவிகளுக்குத் தடை போடுவதும் இதே கவலையில். பருவம் தவறிப் பெய்யும் மழையும் முன்னைவிடக் கடுமையான வெயிலும் வரும் காலத்தில் இந்த இரண்டு பக்கமும் நெருக்கும். காலநிலை மாற்றம் என்பது விருதுநகர் மாவட்டத்தில் பனிக்கரடியைப் பற்றிய செய்தியாக வராது. மருந்து காய்கிற மேடையில் திடீரென்று விழும் தூறலாகத்தான் வரும்.

இனி அறையை விட்டு வெளியே வருவோம். இந்தத் தொழில் ஏன் இங்கே வந்தது?

மழை குறைவு. மானாவாரி நிலம். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். 1923இல் தொழில் தொடங்கினார்கள். பயிருக்குப் பகையான வறண்ட காற்று, குச்சியும் மருந்தும் காய்வதற்கு உதவியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சகம் வந்தது. தீப்பெட்டி மருந்து கையாளத் தெரிந்ததால் பட்டாசு வந்தது. அச்சகம் பிறகு காலண்டருக்கும் டைரிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் தாவியது. விவசாயம் கைவிட்ட வட்டாரம் மூன்று தொழிலை ஊன்றிக்கொண்டது; திருத்தங்கலும் அதில் பங்காளி. 2021இல் சிவகாசி மாநகராட்சி உருவானபோது இரண்டு நகரமும் நிர்வாகத்தில் ஒன்றானது. பிழைப்பில் ஒன்றாகி வெகுகாலம் ஆகியிருந்தது.

கனடாவின் சூழலியலாளர் சி.எஸ்.ஹாலிங் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே உதவும். நிலையாக இருப்பதும் தாங்கி நிற்பதும் வேறு வேறு என்றார் அவர். காட்டு மரங்களைத் தின்னும் ஒரு புழுவை எடுத்துக்காட்டாகச் சொன்னார். மருந்தடித்து அந்தப் புழுவை ஆண்டுதோறும் அடக்கி வைத்தால் காடு அமைதியாகத் தெரியும். ஆனால் ஒரே வயதுள்ள, ஒரே வகை மரங்கள் நெருங்கி வளர்ந்து நிற்கும். ஒரு வருடம் மருந்து தப்பினால் காடு முழுவதும் போகும். சிறு அடிகளையும் பலவகை மரங்களையும் கொண்ட காடு பார்வைக்குக் கலைந்து கிடக்கும், ஆனால் மீண்டு எழும்.

மூன்று தொழில் இருந்ததால் சிவகாசி வட்டாரம் அப்படிக் கலந்த காடுதான் என்று தோன்றலாம். உற்றுப் பார்த்தால் மரங்களின் வேர்கள் பின்னிக் கிடப்பது தெரியும். பட்டாசு விற்காவிட்டால் பட்டாசுப் பெட்டி அச்சடிக்கும் அச்சகத்துக்கும் வேலை இல்லை. லாரிக்கும் இல்லை. வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் வீட்டுக்கும் இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டுமே என்றது. பேரியம் நைட்ரேட் பச்சை நிறம் தருவதோடு, கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் எரிவதற்கே ஆக்சிஜன் தந்து வந்த சரக்கு. காற்றை நஞ்சாக்கும் பொருளை விலக்கச் சொன்னது சரியான காரணத்துக்காகத்தான். தில்லியின் குழந்தைகளுக்கும் நுரையீரல் உண்டு. நாக்பூரின் நீரி ஆய்வகம் புகைத் துகளை 30 விழுக்காடு குறைக்கும் கலவைகளை உருவாக்கிக் கொடுத்தது. அதற்கிடையே ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பின்னர் 2020இல் ஊரடங்கு. அந்த ஆண்டு தீபாவளிக்குப் பல மாநிலங்கள் பட்டாசை முற்றிலும் தடை செய்தன. இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு அடி, இரண்டும் வெளியிலிருந்து.

ஆலை முதலாளிக்கு அந்த மாதங்கள் நட்டம். சனிக்கிழமைச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது வேறு. ‘அட்வான்ஸ்’ வாங்கிய கடன் அப்படியே நிற்க, வருமானம் மட்டும் நின்றுபோனது. அறைக்கும் அறைக்கும் இடையே வெறும் நிலம் வேண்டும் என்று சட்டம் போட்ட நாம், அடுத்த சனிக்கிழமைக்கும் பட்டினிக்கும் இடையே எவ்வளவு வெறும் நிலம் இருக்க வேண்டும் என்று கேட்டதே இல்லை. என்னுடைய உறுதியான எண்ணம் இது: இரண்டும் ஒரே பாதுகாப்பு விதியின் இரண்டு பக்கங்கள். கையில் ஒரு மாதச் செலவுக்குப் பணம் இல்லாத பெண், எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் அறைக்குள் போகமாட்டேன் என்று சொல்ல முடியாது.

அந்த வெறும் நிலத்தை உண்டாக்கத் தெரிந்தவர்கள் இதே மாவட்டத்தில் இருந்தார்கள். நாடார் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் பேட்டைகளில் ‘மகமை’ என்ற பொது நிதி வைத்திருந்தார்கள். வாங்கி விற்கும் சரக்கின் மேல் ஒரு சிறு பங்கு அந்த நிதிக்குப் போகும். உறவின்முறை என்ற சமூக அமைப்பு அதை நிர்வகிக்கும். கிணறு, சந்தை, சத்திரம், கோயில், பள்ளி எல்லாம் அதிலிருந்து எழுந்தன. விருதுநகரில் சத்திரிய வித்யாசாலா பள்ளிக்காக வீட்டுக்கு வீடு ‘பிடி அரிசி’ எடுத்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில். 1899இல் சிவகாசிக் கலவரத்தில் வீடுகள் எரிக்கப்பட்ட ஒரு சமூகம், ஒரு தலைமுறைக்குள் தீப்பெட்டித் தொழிலின் முதலாளிகளாக எழுந்ததில் இந்தப் பொது நிதிக்கு முக்கியமான பங்கு உண்டு. நெருக்கடியில் வாங்கும் கடனைப் போலன்றி, நல்ல நாளில் சிறுகச் சிறுகக் கழித்து வைத்தது அது. அடி விழுமுன்னே சேர்த்து வைத்த இடைவெளி.

அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச், பேரிடருக்குப் பின் எந்த ஊர் விரைவில் எழுகிறது என்று பார்த்தவர். 1923இன் டோக்கியோ, 1995இன் கோபே, 2005இன் நியூ ஆர்லியன்ஸ் ஆகியவற்றோடு 2004 சுனாமிக்குப் பின்னான நம் கடற்கரைக் கிராமங்களையும் ஆராய்ந்தார். 2012இல் வந்த அவருடைய நூல் சொல்வது, பணமும் சேதத்தின் அளவும் தீர்மானிப்பதைவிட மக்களுக்கிடையே உள்ள பிணைப்பு அதிகம் தீர்மானிக்கிறது என்பதே. தமிழ்நாட்டைப் பற்றி அவர் கண்டதில் ஒரு முள்ளும் இருந்தது. வலுவான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த இடங்களில் நிவாரணம் விரைவாக வந்தது. பஞ்சாயத்தின் பட்டியலில் பெயர் இல்லாத தலித்துகளும் பெண்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். உள்ளே இருப்பவரை எவ்வளவு இறுக அணைக்கிறதோ, அவ்வளவு உறுதியாக வெளியே இருப்பவரைத் தள்ளவும் ஒரு குழுவால் முடியும்.

மகமையை வியக்கும்போது இதை மறக்கக் கூடாது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆலைப் பேருந்தில் வந்திறங்கும் பெண்கள் பல சாதியினர். அவர்களுக்கென ஒரு மகமை இருந்ததில்லை. 1970, 80களில் அந்தப் பேருந்துகளில் குழந்தைகளும் வந்தார்கள். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் தொழிலாளருக்கு 50,000 ரூபாய் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது குழந்தையின் நலனுக்கான நிதிக்குப் போக வேண்டும் என்றது. சட்டமும், சத்துணவும், பள்ளிகளும், விடாமல் உழைத்த பல அமைப்புகளும் சேர்ந்து அந்தப் பேருந்திலிருந்து குழந்தைகளை இறக்கின. ஒரு வட்டாரம் தன் மிக மோசமான பழக்கத்தை ஒரு தலைமுறையில் பெருமளவு மாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி. இனி எதுவும் மாறாது என்று இங்கே யாராவது அலுத்துக்கொண்டால் நான் நினைத்துக்கொள்வது இதைத்தான்.

மகமையின் கணக்கை அறையின் அளவுக்குக் கொண்டுவர முடியுமா? ஒவ்வொரு பெட்டி பட்டாசின் மேலும் ஒரு சிறு தொகை, ஆலையில் கழித்து, தொழிலாளரும் அமர்ந்து நிர்வகிக்கும் நிதிக்குப் போனால், ஆலை பூட்டிய மாதத்தில் அரிசிக்கும் வட்டிக்கும் வழி பிறக்கும். 2024 நவம்பரில், பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று விருதுநகரில் முதல்வர் அறிவித்து, தொடக்கமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கினார். நல்ல காரியம். ஆனால் அது இறப்புக்குப் பின் திறக்கும் நிதி. அம்மா அந்த அறைக்குள் போகாமல் இருப்பதற்கான நிதி இன்னும் வேண்டியிருக்கிறது.

அடி விழுமுன்னே இடைவெளி விட்டு வைக்கும் இந்தக் கணக்கு கண்மாய் வெட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது. இந்த மாவட்டத்தின் கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். கரை உடைவதற்கு முன் நீர் வெளியேற ஒரு தாழ்ந்த இடத்தை வேண்டுமென்றே விட்டு வைத்தார்கள். எல்லா ஆண்டும் நிறையாது என்று தெரிந்தும் மண் அள்ளினார்கள். கண்மாய்க்குள் வீடு கட்டுவதும் வரத்துக் கால்வாயை மறிப்பதும், நான்கு பேர் அறையில் எட்டுப் பேரை உட்கார வைப்பது போன்ற காரியமே.

இத்தனைக்கும் மீறி விபத்து நடந்தால், தீக்காயம் பட்டவருக்கு முதல் சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதும் ஊர் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். தோல் வெந்தால் நுண் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். உடம்பின் நீர் இரத்தத்தை விட்டு வெளியேறும். ஈடு செய்யாவிட்டால் சிறுநீரகம் முதலில் செயலிழக்கும். எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் பார்க்லேண்ட் சூத்திரம் எளிது: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த பரப்பின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 4 மில்லி. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 விழுக்காடு காயம் என்றால் ஒரு நாளில் 8 லிட்டர். அதில் பாதி, 4 லிட்டர், முதல் 8 மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை, தீப்பட்ட நொடியில் தொடங்குகிறது. காட்டிலிருந்து ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து சிவகாசி அரசு மருத்துவமனைக்கு, அங்கிருந்து மதுரைக்கு என்று மாறுவதில் இரண்டு மணி நேரம் போனால், 4 லிட்டரை 6 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய நெருக்கடி.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இன்னும் எளிது. குழாயிலோ குடத்திலோ வரும் சாதாரணத் தண்ணீரைக் காயத்தின் மேல் 20 நிமிடம் ஓட விட வேண்டும். பேனா மை, மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். பெரிய காயமென்றால் உடம்பு குளிர்ந்துவிடாமல் சுத்தமான துணியால் போர்த்தி உடனே கிளம்ப வேண்டும். வெந்து முடிந்த பிறகும் தோலின் அடியில் சூடு தங்கியிருந்து உள்ளே வேக வைத்துக்கொண்டிருக்கும். ஓடும் நீர் அந்தச் சூட்டை எடுத்துவிடுவதால் காயத்தின் ஆழம் குறைகிறது. வெறும் தண்ணீர். ஆனால் தண்ணீர்த் தொட்டி காலியாகக் கிடக்கும் வேனிலில், பல நாளுக்கு ஒரு முறை குழாயில் வரும் ஊரில், இருபது நிமிடத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கண்மாயின் கதையும் தீக்காயத்தின் கதையும் சந்திக்கும் இடம் இதுதான்.

என்ஸ்கெடேக்குப் பிறகு நெதர்லாந்தில் செய்த காரியம் ஒன்றை நம் மாவட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆபத்தான பொருள் எங்கே இருக்கிறது என்று எந்தக் குடிமகனும் பார்க்கக்கூடிய வரைபடத்தை வெளியிட்டார்கள். தன் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாழ்ந்த மக்கள் அந்த நகரில் இறந்ததால் பிறந்த வரைபடம் அது. விருதுநகர் மாவட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் அப்படி ஒன்று வரையலாம். எந்தப் பக்கம் ஆலை, எவ்வளவு மருந்துக்கு உரிமம், சத்தம் கேட்டால் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பாதையில் வண்டி வரும், தண்ணீர் எங்கே, யாருக்குத் தீக்காய முதலுதவி தெரியும்.

வரைவதற்கு வெளியிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. எந்த அறையின் கூரை ஒழுகும், எந்த மேடையில் வெயில் சீக்கிரம் ஏறும், எந்த மாதத்தில் நான்கு பேர் ஆறு பேராகிறார்கள், எந்த வாசலில் செய்து முடித்த சரக்கை அடுக்கி வழி மறிக்கிறார்கள் என்பதெல்லாம் இருபது, முப்பது வருடமாக அங்கே திரி சொருகும் பெண்களுக்குத் தெரியும். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் அவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், முதலாளியும் போர்மேனும் நிற்கும்போது சொல்ல முடியாது. மாலையில், ஆலைக்கு வெளியே, ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து, பெயர் எழுதாமல் அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டால் அந்த வரைபடத்தின் பாதி ஒரே கூட்டத்தில் முடிந்துவிடும்.